ஆயில் மூடியில் ஒரு பொட்டு

சர்வீஸ் சென்டரை நம்பாமல் செழியன், டிரைவர் இல்லாமல் ஓடும் தன் காருக்குத் தானே ஆயில் மாற்றினான். அன்று ஆயுத பூஜை. அதனால் ஆயில் மூடிக்குச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்தான்.

மறுநாள் நிறைமாத மனைவி கோமளாவுக்கு இடுப்புவலி. இருவரும் காரில் கிளம்பினார்கள். பாதி வழியில் கார் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் நேராக ஓடியது.

“சார், ஆயில் மூடியில பொட்டு இருக்கு. எங்க ஆளுங்க பொட்டு வைக்கிறதில்ல. நீங்களே தொறந்திருக்கீங்க. இனி சர்வீஸ் சென்டர்தான்,” என்று சொல்லிக் கதவுகளைப் பூட்டிக்கொண்டது கார்.

“ஆயில் மாத்தினோமா, கையைத் துடைச்சோமான்னு இருக்கக் கூடாதா?” கோமளா பல்லைக் கடித்தாள். “அங்க டாக்டராவது இருக்காங்களா, கேளுங்க!”

கேட்டான்.

“மெக்கானிக் இருக்காரு, சார். மேடத்துக்கு முன்னாடி ஆறு வண்டி நிக்குது.”