முத்த ஒழுங்கை

பெட்டி அடுக்குகிற தில்லையம்பலத்துக்கு மெக்சிக்கோ ஒரு கேடு! அவன் மனைவி குணவதி கொடுத்த தேநீரை உறிஞ்சியபடி சச்சிதானந்தன் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டார். வீடு விற்றுக் கொடுக்கிற தொழிலில் எத்தனையோ புளுகர்களைப் பார்த்தவர் அவர். தில்லையம்பலத்தைப் போல ஒரு அரைவேக்காட்டுப் புளுகனைப் பார்த்ததில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டுப் பொங்கல் முடிந்த கையோடு கோயிலின் வெள்ளித் தாம்பாளம் காணாமல் போயிருந்தது. தலைவர் சிவபாதம் உபயம் செய்தது. விளிம்பைச் சுற்றி அவருடைய குடும்பத்தின் பெயரைத் தமிழில் வெட்டியிருந்தார்கள். சாமான் அறையின் பூட்டு உடையவில்லை, சாவியோ தில்லையம்பலத்தின் பொறுப்பு. பொங்கலுக்குப் பாய் எடுக்கவேண்டும் என்று சச்சிதானந்தன் ஒரு வார்த்தை கேட்டதற்கே சாவிகளைக் கோர்வையோடு தூக்கிக் கொடுத்த மனிதன்! அப்படிப்பட்ட மொக்கனிடம் சாவியை ஒப்படைத்தவர்களைச் சொல்லவேண்டும்.

நாளைக்குப் பொதுக்கூட்டம். தில்லையம்பலத்தைக் கோயிலை விட்டு விலக்கி, பொலிசிலும் முறையிடுவதென்று செயலாளர் சச்சிதானந்தன் முடிவு கட்டியிருந்தார். அதற்கு முதல்நாள் பார்த்து, மெக்சிக்கோ போய்வந்த படம் காட்டுகிறேன் என்று அந்த ஆளே அவரையும் தலைவரையும் தன்னுடைய மல்வேர்ன் வீட்டுக்கு அழைத்திருக்கிறான். தாம்பாளத்தை விற்ற காசில் உல்லாசப் பயணம், அதற்கொரு படக்காட்சி வேறு. வெட்கங்கெட்ட சென்மம்!

"நான் மொன்றியலில தங்கச்சி வீட்டை நிண்ட கிழமையாப் பார்த்துத்தானே தூக்கியிருக்கிறான்," என்று சிவபாதத்தின் காதில் கிசுகிசுத்தார். "நான் இஞ்ச இருந்திருந்தால் நடந்திருக்குமே அண்ணை?"

சிவபாதம் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

குணவதி விளக்கை அணைக்க, தில்லையம்பலம் படக்கருவியை இயக்கினார். சுவரில் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில், மலைச்சரிவு முழுக்க நிறம் நிறமான வீடுகளோடு ஒரு ஊர் தெரிந்தது.

"இதுதான் குவானஹுவாத்தோ. பழைய வெள்ளிச் சுரங்க ஊர்," என்றார் தில்லையம்பலம்.

சச்சிதானந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மெக்சிக்கோவில எத்தினை கடற்கரை இருக்கு. உந்த ஊருக்கு ஏன் போனனீர்?"

"வெள்ளியெண்டால் எங்களுக்கு ஒரு விருப்பம், அண்ணை."

என்ன திமிர்! தேவாலயம் வந்தது, நிலத்துக்கடியில் ஓடும் தெரு வந்தது. ஒரு படத்திலும் தெரிந்த முகம் இல்லை.

"உம்மையும் காணேல்லை, குணவதியையும் காணேல்லை?"

"நான்தானே படம் எடுத்தனான்."

"அப்ப மனிசி?"

"அவ எனக்குப் பக்கத்தில நிண்டவ."

குணவதி தலையைக் குனிந்துகொண்டாள். சச்சிதானந்தனுக்கு நெஞ்சு லேசாகியது. இதுகள் அந்தத் திசைக்கே போகவில்லை! யாரிடமோ படங்களை இரவல் வாங்கிப் பீற்றுகிறார்கள்.

அடுத்து, கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வாய் பிளந்த பழைய சவங்கள்.

"எகிப்தில மாதிரி மருந்து பூசி வைச்சிருக்கினம்," என்றார் தில்லையம்பலம்.

மருந்தாவது மண்ணாவது! அவை தாமாகக் காய்ந்த உடல்கள். கல்லறைக்கு வரி கட்டாதவர்களின் சவங்களைத் தோண்டியபோது கிடைத்தவை. சச்சிதானந்தனுக்கு நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டார்.

சுரங்க வாசல் வந்தது. "கீழ போய்ப் பார்க்க லிஃப்ற் இருக்கு."

லிஃப்ற்றாம்! முழங்கால் கழன்று விழுமளவுக்குப் படியிறங்க வேண்டும். அவர் கதிரையில் நெளிந்தார். ஒருவன் பொய் சொன்னால் அவர் பொறுப்பார், பிழையாகச் சொன்னால்தான் பொறுக்கமாட்டார்.

பிறகு ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. மேலே இரண்டு பல்கணிகள் ஒன்றையொன்று இடிக்குமாப்போல் நின்றன.

"இது முத்த ஒழுங்கை. எதிரெதிர் வீட்டுக் காதலர் ரெண்டுபேர் உந்தப் பல்கணியளில நிண்டு கொஞ்சினவையாம். இப்ப வாற சோடியள் உச்சிப் படியில ஏறி நிண்டு கொஞ்சவேணும். இல்லாட்டி ஏழு வருசம் தரித்திரம்."

"உச்சிப் படியோ? விசர்க்கதை கதையாதையும்!" சச்சிதானந்தன் எழும்பியே விட்டார். அவருடைய நிழல் வேட்டியில் பாதியை மறைத்தது. "மூண்டாவது படி ஐசே, மூண்டாவது படி! சிவப்புப் பூசின படி! அதிலதானே எங்களை ஏத்தி விட்டவங்கள். என்ர மனிசி வெட்கத்தில முகத்தை மூடி…"



தில்லையம்பலம் அடுத்த படத்தைத் தள்ளினார். ஒரு வெள்ளிக் கடையின் கண்ணாடி அலுமாரி. நடுவில், மோதிரங்களைக் குவித்து வைத்த பெரிய தாம்பாளம். கடைக்காரன் ஏதோ பூவேலை என்று நினைத்துப் பளபளவென்று துலக்கியிருந்த விளிம்பில், 'உபயம்: சிவபாதம் குடும்பம்'.

"நாங்கள் மெக்சிக்கோவுக்குப் போகேல்லை, அண்ணை," என்றாள் குணவதி. இப்போது அவள் தலை குனியவில்லை. "என்னோட வேலை செய்யிற ரோசாவின்ர ஊர் அது. ஊருக்குப் போய்வந்து இந்தப் படங்களைக் காட்டினவ. கடை அவவின்ர தமையன்ர. பொங்கல் முடிஞ்ச கிழமை வந்து வித்தது எங்கட ஆக்களில ஒருத்தர் எண்டு அவருக்குத் தெரியும். ஆரெண்டுதான் தெரியேல்லை."

விளக்கு எரிந்தது. சச்சிதானந்தன் நின்றபடியே நின்றார். சிவபாதம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்:

"மொன்றியலில உந்த ஒழுங்கை எந்தப் பக்கம், சச்சி?"