இரண்டு சாக்பீஸ் கோடுகள்

தையற்காரர் நல்ல நாளுக்கென்று வைத்திருக்கும் தன் சட்டையைப் புரட்டி மேசையில் விரித்திருக்கிறார். வியாதி வந்ததிலிருந்து இதோடு மூன்றாம் தடவையாக அதைப் பிடித்துத் தைக்கப்போகிறார். ஜன்னல் வெயில் அவருடைய மணிக்கட்டு எலும்பின்மேல் விழுகிறது. பக்கத் தையலுக்கு உள்ளே சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கும் இரண்டு விரல் உள்ளே தள்ளி இன்னொரு கோடு. இரண்டு எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. மடியிலிருக்கும் வாடிக்கையாளர் சட்டைக்குக் காஜா எடுக்கக் குனிந்துகொள்கிறாள். எதிரே மகள் போனில் பல்கலைக்கழகத்தின் படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். அவர் இந்தச் சட்டையில் போகவிருக்கும் அவளுடைய பட்டமளிப்பு விழா அடுத்த மாதமும் உண்டு, வருஷக் கடைசியிலும் உண்டு. ஒன்றைத்தான் தொடலாம், தொட்டபின் மாற்ற முடியாது. "உன் கூட்டாளிங்க எல்லாம் வருஷக் கடைசியிலதானே போறாங்க? அதையே போடும்மா. எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்கிறார் அவர். மகள் அம்மாவைப் பார்க்கிறாள். டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவின் ஊசி பாதித் துணியில் நிற்கிறது. "இல்லப்பா, அவங்களும் அடுத்த மாசம்தான் வராங்களாம்" என்று மகள் தலை நிமிராமல் விரலை வைத்துவிடுகிறாள். "அப்படியா? நல்லதாப் போச்சு" என்கிறார் அவர். பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, உள்ளே இருக்கும் கோட்டை மட்டும் தேய்த்து அழிக்கிறார்.