மெதுவாக்கிக் காட்டும் அறை

கார்களின் வேகம் கூடக்கூடப் பந்தயம் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. பார்க்க வந்தவர்களுக்குக் காற்று மட்டுமே மிச்சம். ஏதாவது ஒரு காரை மெதுவாக்கித் திரையில் காட்டுவது எமிலியின் வேலை.

சுதர்சனின் காரை மட்டும் அவள் காட்டியதே இல்லை. அவன் வேண்டுமென்றே இடித்ததில்தான் அவளுடைய தம்பி ஜெரோம் கால்களை இழந்தான். சுதர்சன் எத்தனை முறை ஜெயித்தாலும் ஒருவரும் அவனைப் பார்க்கக் கூடாது. ஜெபத்தில்கூட அவள் இதைத்தான் கேட்டாள்.

அன்று சுதர்சனின் அம்மா அவள் வேலை பார்க்கும் அறைக்கு வந்தார்.

"எம் புள்ள ஓட்டுறத ஒரு தடவ காட்டும்மா. வெளிய வெறும் காத்துதான் அடிக்குது."

ஜெரோமை இடித்த காட்சியையே காட்டிவிட எமிலியின் கை நீண்டது. பெற்றவள் பார்க்கட்டும்.

"அவன் மெதுவாப் போகணும்னு ஒவ்வொரு ரேஸுக்கும் அம்மனுக்கு விளக்கு போடுறேன்," என்றார் அந்த அம்மா.

எமிலி கையை இழுத்துக்கொண்டாள். அன்றைய பந்தயத்தில் சுதர்சனின் காரைத் தேடி மெதுவாக்கினாள். கார் தேரைப் போல அசைந்து வளைவில் திரும்பியது.

"இவ்வளவு மெதுவாத்தான் போறானா? நாந்தான் வீணா பயந்து செத்தேன்."

உண்மையான வேகத்தைச் சொன்னால் போதும், சுதர்சனின் வீட்டிலும் தூக்கம் போய்விடும்.

"ஆமாம்மா," என்றாள் எமிலி. "மெதுவாத்தான் போறான்."