கடைசிப் பயன்பாடு: இன்று

மூன்றாம் முறையும் சிவப்பு எழுத்து.

பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்றது மடிக்கணினி.

அவள் மறுபடி அடித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக, ஆணி அறைகிற மாதிரி.

தவறு.

"எது தப்பு? நீதான் தப்பு. ஒன்னையச் செஞ்சவன் தப்பு."

இதே கடவுச்சொல் கைப்பேசியில் திறக்கிறது. புதிதாகப் போட்ட இந்த மெயில் மென்பொருளுக்கு மட்டும் ஆகாதாம். கொழுப்பைப் பாருங்கள்.

போடச் சொன்னது பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் சகாயமேரி. மூன்று கல்லூரிக்கு வேலை கேட்டு விண்ணப்பம் போட்டு ஒருவர்கூடவா பதில் எழுதமாட்டார் என்பது அவள் கேள்வி. "இத்துனூண்டு போன்ல எங்கிட்டாச்சும் முங்கிக் கெடக்கும்டி. லேப்டாப்புல மொத்தத்தையும் எறக்கிப் பாரு."

இறக்கத்தான் பார்க்கிறாள். சனிக்கிழமைக் காலை அதிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

முன்னறையில் அப்பா யாருக்கோ கம்ப்யூட்டரில் கிரயப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தார். வந்திருந்த ஆள் ஏதோ கேட்டார். அப்பா சிரித்தார்.

"அவளக் கட்டிக் குடுத்துட்டா எனக்குச் சோறு யாருய்யா போடுவா?"

முப்பத்திரண்டு வயதில் இதைக் கேட்டுச் சிரிக்கப் பழகியிருந்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

உதவிப் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்கிற இரட்டைப் பூட்டுப் போட்ட கணக்குக்கு வழக்கமான கடவுச்சொல் செல்லாது. வெளி மென்பொருளுக்கென்று தனியாக ஒரு சாவி வாங்க வேண்டும். பதினாறு எழுத்துச் சாவி. அதை ஒருமுறை கொடுத்துவிட்டால் பிறகு கேட்கவே கேட்காது.

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

இரட்டைப் பூட்டைப் போட்டுத் தந்தவர் அப்பாதான். இரண்டு வருடம் இருக்கும். பக்கத்துத் தெருவில் யாரையோ போனில் ஏமாற்றிய வாரம். "போனக் குடு தாயி, பத்திரமாப் பண்ணித் தாறேன்." கொடுத்துவிட்டு அவருக்குத் தோசை வார்க்கப் போனாள்.

சாவி வாங்கும் பக்கம் வந்தது.

பொத்தான் கீழே இருந்தது. அதற்கு மேலே ஒரு பட்டியல்.

பட்டியலில் ஒரே ஒரு வரி.

ஏற்கெனவே கொடுத்த சாவி. பெயர்: ஆபீஸ் கம்ப்யூட்டர். கொடுத்த நாள்: இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு. கடைசிப் பயன்பாடு: இன்று, காலை 9.40.

மணியைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது.

அவளுக்கு ஆபீஸ் கிடையாது. இந்த வீட்டில் ஆபீஸ் என்றால் முன்னறை.

அங்கிருந்தே அவள் கடிதம் எதையும் படிக்கலாம், அழிக்கலாம்.

அழித்தவை என்ற பெட்டியை அவள் என்றைக்கும் திறந்ததில்லை. திறந்தாள். அவளே தள்ளிவிட்ட புடவை விளம்பரங்கள். நடுவில், அவள் கண்ணிலேயே படாத ஒன்று.

பொள்ளாச்சிக் கல்லூரியிலிருந்து. நேர்முகத் தேர்வு, திங்கட்கிழமை காலை பத்து மணி.

வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

முப்பது நாளானால் இங்கே இருப்பது தானாக அழிந்துவிடும் என்று மேலே ஒரு குறிப்பு. மற்ற இரண்டு கல்லூரியும் எழுதினார்களோ எழுதவே இல்லையோ, இனி யாரைக் கேட்பது?

பன்னிரண்டு நாளும் அவள் பள்ளி விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்டார். "ஏதும் வந்துச்சா தாயி?" இல்லை என்று தலையை ஆட்டுவாள். அவரே அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வருவார். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவுவார். போன வெள்ளிக்கிழமை அல்வா வாங்கி வந்தார்.

அந்த அல்வாவை அவள் தின்றாள்.

எழுந்தாள். போய்க் கத்தலாம். கத்தினால் அவர் அழுவார். அம்மா போனதிலிருந்து ஆரம்பிப்பார். அழுதால் இவள் தண்ணீர் மோந்து கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை போய்விடும்.

உட்கார்ந்தாள்.

அந்த ஒற்றை வரிக்கு எதிரில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது.

அழுத்தினாள்.

பிறகு தனக்கென்று ஒரு சாவி வாங்கினாள். பதினாறு எழுத்தையும் அடித்தாள். மென்பொருள் வாயை மூடிக்கொண்டு வழிவிட்டது. கடிதங்கள் கடகடவென்று இறங்கின.

முன்னறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும்.

"தாயி... நெட்டு கிட்டு போயிருச்சா?"

"இல்லப்பா. இப்பத்தான் நல்லா வருது."

நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழவில்லை.

பரீட்சைக் கேள்வித்தாளை எல்லாம் அவள் இங்கிருந்தேதான் அச்சுக்கு அனுப்புவாள். வீட்டில் இருப்பது ஒரே பிரிண்டர். அப்பா மேசையில், அவர் வலது கைப்பக்கம்.

பொள்ளாச்சிக் கடிதத்தைத் திறந்தாள். அச்சு என்று கொடுத்தாள்.

எத்தனை பிரதி?

இரண்டு. ஒன்று அவருக்கு.

அங்கே மிஷின் காகிதத்தை இழுத்தது. நிறுத்தி, இன்னொன்றையும் இழுத்தது.

"நம்ம பத்திரம் வந்துருச்சாய்யா?" என்றார் வந்திருந்தவர்.

அப்பா தாளை எடுக்கும் சத்தம் கேட்டது.

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.