இன்னும் ஒரு முழம்

“போன திங்கள் இதைக் கழற்றிப்போட்டு வரச் சொன்னனான். நீங்க என்னண்டா இன்னும் ஒரு முழம் நீட்டிக்கொண்டு வந்து நிக்கிறீங்க.”

கிண்ணியாப் பாலத்தடியில் பின்னேர வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. போக்குவரத்துப் பொலிஸ் சார்ஜன் அபூதாஹிர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தபடி அந்தக் காரை இன்னொரு தடவை சுற்றி வந்தார். இருபத்தாறு வருடச் சேவையில் இப்படியொரு வாகனத்தை அவர் கண்டதில்லை.

அவர் பள்ளிக்கூடம் போன காலத்துப் பழைய சன்னி கார் அது. முன்பக்கக் காற்றுத்துளைகளைப் பாதிக்கு மேல் தகரத்தால் அடைத்திருந்தது. பின்சில்லு இரண்டையும் நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பரலை வெட்டி மூடியிருந்தது. அடியில் தேர்தல் விளம்பரப் பலகை ஒன்று. குனிந்து பார்த்தால், தோற்றுப்போன வேட்பாளர் ஒருவர் ரோட்டைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து பின்பக்கம்தான். டிக்கியிலிருந்து கூம்பிக்கொண்டு போகிற வெள்ளை பைபர் வால். தூரத்தில் வரும்போது சுறா ஒன்று ரோட்டில் நீந்துவதைப் போலிருந்தது.

ஓட்டி வந்தவள் ஜெயரூபி. வெருகல் பக்கத்துக்காரி, முப்பது வயதிருக்கும். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். பக்கத்துச் சீற்றில் அவளுடைய தகப்பன் வல்லிபுரம், ஆஸ்பத்திரிக் கடுதாசிகள் நிறைந்த பையை மடியில் வைத்தபடி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

“வாலை நீட்டினாத்தான் காத்து பின்னால சுருளாமல் வழுக்கிப் போகுது, சேர்,” என்றாள் அவள். “போன கிழமை லீற்றருக்குப் பதினாலு ஓடினது. இப்ப பதினைஞ்சு.”

அனுமதி எடுக்காமல் வாகனத்தின் உருவத்தை மாற்றக் கூடாது என்று அவர் சட்டம் சொன்னார். எந்த விளக்கு மறைந்திருக்கிறது, இலக்கத்தகட்டில் எந்த எழுத்துத் தெரியவில்லை என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் போய்ப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வாலைப் பிடித்து ஆட்டியும் பார்த்தார். அது அசையவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அவள் விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். பெற்றோல் பங்கீட்டுக் கியூ.ஆர். அட்டைக்குக் கிழமைக்கு இருபது லீற்றர்தான். வீட்டிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போய்வர நூற்றைம்பது கிலோமீற்றர். திங்களும் வியாழனும் இரத்தம் சுத்திகரிக்க வர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் உடம்பு வீங்கிவிடும். நாலு மணித்தியாலம் மிசினில் கிடந்துவிட்டு, சன நெரிசலில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக ஏலாது. கார் முன்பு லீற்றருக்குப் பன்னிரண்டுதான் ஓடியது. ஒவ்வொரு கிழமையும் ஐந்து லீற்றர் குறைந்தது. மேலதிக எரிபொருள் கேட்டு மூன்று இடத்தில் கடிதம் கொடுத்தாள். ஒரு இடத்திலிருந்தும் பதிலில்லை.

அதற்குப் பிறகுதான், வெளிநாட்டில் யாரோ பழைய காருக்கு வால் வைத்து எண்ணெய் மிச்சம் பிடிப்பதைத் தொலைபேசியில் பார்த்திருக்கிறாள். முதலில் கார்ட்போட் மட்டையில் செய்தாள். மூதூரைத் தாண்டுவதற்குள் மழையில் கரைந்துபோயிற்று. பிறகு பைபரில் இறங்கினாள். ஊர் கூடி நின்று சிரித்தது. குடும்ப மானத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு திரிகிறாள் என்று மாமன் கதைப்பதை நிறுத்தினார். அவள் சிரிக்கிறவர்களைச் சிரிக்க விட்டுவிட்டு, அடுத்த பரலை வெட்டினாள்.

“எல்லாம் சரி, தங்கச்சி. சட்டம் எண்டு ஒண்டு இருக்குத்தானே,” என்றார் சார்ஜன். “காரை ஸ்டேசன்ல விட்டுட்டுப் போங்க. பரிசோதகர் வந்து பார்க்க ரெண்டு கிழமை செல்லும்.”

ஜெயரூபி கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். சீற்றுக்கடியிலிருந்து சாவி ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். நட்டுக் கழற்றுகிற சாவி.

“எட்டு நட்டுத்தான் சேர். கிழமைக்கு அஞ்சு லீற்றர் கூடத் தாறம் எண்டு எழுதித் தாங்கோ, இதிலயே கழற்றி உங்கட கையில தாறன். எழுதித் தர ஏலாதெண்டால், வியாழக்கிழமையும் இந்தக் கார் இந்தப் பாலத்தால போகும். அதுக்கடுத்த திங்களும் போகும். நீங்கள் மறிக்கிற நேரமெல்லாம் நான் நிப்பன். ஆனா கழற்ற மாட்டன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. பின்னால் மறிபட்டு நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். சார்ஜன் சாவியைப் பார்த்தார். உள்ளே ஒட்டிப்போன கன்னத்தோடு கிடந்த கிழவரைப் பார்த்தார். கையிலிருந்த தண்டப் புத்தகத்தை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“வால் நுனியில சிவப்புத் துணி ஒண்டு கட்டுங்க. பின்னால மோட்டார் சைக்கிள்ல வாறவனுக்குத் தெரியோணும்.”

அவள் தலையசைத்துவிட்டு, காருக்குள் கிடந்த சிவப்புத் துணியொன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்த இடைவெளியில் சார்ஜன் ஜன்னலோரம் குனிந்து, நோயாளிகளிடம் பேசும் மெதுவான குரலில் சொன்னார்: “ஐயா, இப்பிடியொரு மகள் கிடைக்க நீங்க குடுத்து வைச்சிருக்கோணும். மிசின்ல கிடந்த களைப்பு இருக்கும், வீட்ட போய் நல்லாப் படுத்து எழும்புங்க.”

வல்லிபுரம் கண்ணைத் திறந்தார்.

“எனக்கு ஒரு நோயுமில்லைத் தம்பி. நான் கடல்தொழில்காரன், கார் ஓடத் தெரியாது. அதுதான் ஊசி கழற்றின கையோட அவளே ஓட வேண்டிக் கிடக்கு.”