நூற்று எழுபத்தொன்பது அடி

மேற்குக் கான்சாஸில் ஜனவரி வெயில் கொட்டிக் கிடக்கிறது, சூடுதான் இல்லை. இரண்டு வயல்களுக்கும் பொதுவான கிணற்றுக் குழாயருகே வெர்னா மண்டியிட்டு, நீர்மட்டம் பார்க்க எஃகு அளவுநாடாவின் கடைசி அடிகளில் நீலச் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே இறக்குகிறாள். பக்கத்து வயல்காரன் லீலாண்ட் எதிரே நிற்கிறான். தேர்தலுக்கு இருவர் வாசலிலும் எதிரெதிர் கட்சிப் பலகைகள் முளைத்ததிலிருந்து பேச்சில்லை. நாடா மேலே வருகிறது. தண்ணீர் தொட்ட இடத்தில் நீலம் கருத்திருக்கிறது. நூற்று எழுபத்தொன்பது அடி. போன வருடத்தைவிட ஐந்தடி கீழே. இனி இறைக்க டீசலும் கூடுதலாக வேண்டும். இப்படியே போனால் பத்து வருடத்தில் இரண்டு வயலும் காய்ந்துவிடும். “உங்க கட்சியோட பொய்க் கணக்கு மாதிரியே இருக்கு” என்கிறான் அவன். “நீயே இறக்கிப் பாருடா. தண்ணி யாருக்கு ஓட்டுப் போட்டுச்சுன்னு அதையே கேளு” என்கிறாள் வெர்னா.

அவன் நாடாவைத் துடைத்து, மறுபடி சாக்பீஸ் தேய்த்து இறக்குகிறான். அவளுக்குச் சின்ன வயதின் ஓர் ஆகஸ்ட் நினைவுக்கு வருகிறது. இதே குழாய் வாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து விழ, மாட்டுத் தொட்டிக்குள் இருவரும் குளிரில் பல் கிட்டிக்கக் கிடந்தார்கள். வீட்டில் கூப்பிட்டது பம்ப் எஞ்சின் சத்தத்தில் கேட்கவேயில்லை. இது தீர்ந்துபோகும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நாடா வருகிறது. ஈரத்தின் விளிம்பில் அவன் கட்டைவிரல் நிற்கிறது. அதே எண். “வடக்குப் பக்கம் தண்ணி குடிக்கிற மக்காச்சோளம் இந்த வருஷம் வேணாம்” என்கிறான் மெதுவாக. “நீ?”

“தெக்குப் பக்கம் நானும் போடாம விட்டுடறேன்.”

“என் ஓட்டு மாறாது, பாத்துக்கோ.”

“யாரு கேட்டா?”

அவள் நாடாவைச் சுருட்டுகிறாள். அது முறுக்கிக்கொள்ளாமல் அவன் விரல்களுக்கிடையே பிடித்துக் கொடுக்கிறான்.