சத்தம் வேண்டாம், சக்கரம் போதும்

"சத்தம் வேணாம் தம்பி. சக்கரம் சுத்தினா போதும்."

கையில் ஸ்க்ரூ டிரைவரோடு திருதிருவென்று விழித்தேன். இருபத்தேழு வருஷமாக டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பார்க்கிறேன். பாட்டுப் பெட்டியில் பாட்டு வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

"அம்மா, பெல்ட் அறுந்திருக்கு. அதை இப்பவே மாத்திடறேன். ஆனா ஸ்பீக்கரும் எரிஞ்சு கிடக்கு. இந்த அளவு இப்பக் கடையில வர்றதில்ல. பெட்டியை எடுத்துட்டுப் போனா, பத்து நாள்ல எங்கேயாவது தேடிப் போட்டுத் தந்துடுவேன்."

"ஸ்பீக்கர் போயி ஒரு மாசம் ஆச்சு, தெரியும். நீங்க பெல்ட்டை மட்டும் மாட்டுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஜன்னலோரம் அவருடைய கணவர் மடியில் ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு, நான் பெட்டியைக் கழற்றுவதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரி முழுக்கக் கேசட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் பொடிப்பொடியான கையெழுத்தில் பாட்டுப் பட்டியல், மை மங்கிப் போயிருந்தது.

பாட்டுக்கு உயிரை விடுகிற புருஷன், பாட்டென்றாலே முகம் சுளிக்கிற மனைவி என்று எத்தனையோ வீடு பார்த்தாயிற்று. இவ்வளவு பட்டவர்த்தனமாக யாரும் சொன்னதில்லை.

"அவர் ஆசையாக் கேக்கறதை நிறுத்தறதுல உங்களுக்கு என்னம்மா சந்தோஷம்?"

கேட்டே விட்டேன். என் வாய் அப்படி. அதனாலேயே பாதி வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்துப் போய்விட்டார்கள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை.

"அவருக்குக் காது கேக்காது தம்பி. ரெண்டு வருஷமா சுத்தமாக் கேக்கல."

நான் கணவரைப் பார்த்தேன். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பதுகூடத் தெரியாமல் அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டு வருஷம் தறிக்கூடத்துல வேலை. பக்கத்துல நிக்கறவன் கத்தினாக்கூடக் கேக்காது, அப்படி ஒரு சத்தம். வீட்டுக்கு வந்தா செருப்பைக்கூடக் கழட்டமாட்டார், நேரா வந்து பட்டனை அமுக்குவார். 'இரு, காதைக் கழுவிக்கறேன்'னு சொல்லுவார். சம்பளம் வாங்கின அன்னிக்கு ஒரு கேசட். அதுல எந்தெந்தப் பாட்டுப் பதியறதுன்னு ஒரு வாரம் யோசிப்பார். என்னைக் கட்டிக்கறதுக்குக்கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டார்." சிரித்தார். "அப்படிக் கழுவிக் கழுவி வச்ச காதை, கடைசியில தறி தின்னுடுச்சு."

"காதுக்கு மெஷின் வச்சா..."

"எல்லாம் பாத்தாச்சு. பிரயோஜனமில்லைன்னுட்டாங்க. ஆனாலும் தினம் சாயங்காலம் கேசட்டைப் போட்டு, சக்கரம் சுத்தறதைப் பாத்துட்டே தாளம் போடுவார். ஸ்பீக்கர் போனது அவருக்குத் தெரியாது. ஒரு மாசமா ஊமைப் பெட்டி முன்னால உக்காந்திருக்கோம்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். நேத்துல இருந்து சக்கரமும் நின்னு போச்சு. ரெண்டு வாய் சாப்பாடு இறங்கல. பத்து நாளெல்லாம் தாங்கமாட்டார்."

"உங்களுக்குப் பாட்டு வேணாமா?"

"எனக்கென்ன தம்பி, எனக்கு ஏது அதுக்கெல்லாம் நேரம்?"

பெல்ட்டை மாட்டினேன். பெரியவர் எழுந்து வந்து, தன் கையாலேயே கேசட்டைப் போட்டு பட்டனை அமுக்கினார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

சோதித்துப் பார்க்க ஹெட்போனைச் செருகி என் காதில் வைத்தேன். பழைய பாட்டு. கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. என் முதல் வேலை, முதல் சைக்கிள், அப்போது அடுத்த தெருவில் இருந்த ஒருத்தி எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழுந்த அடியும் அவர் விரலும் ஒன்றாக விழுந்தன. தபேலா நின்று குரல் மட்டும் தனியாகப் போகிற இடத்தில் விரல் நின்றது. தபேலா திரும்ப வந்ததும் விரலும் வந்தது. ஓர் அடி பிசகவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "தம்பியைத் தெருமுனை வரைக்கும் விட்டுட்டு வரேன்" என்று பெரியவரும் கூடவே வந்தார்.

வீடு மறைந்ததும் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நாளைக்கு வந்து பெட்டியை எடுத்துட்டுப் போ. வேற ஏதோ கோளாறுன்னு அவகிட்டப் புளுகிடு. ஸ்பீக்கரை மாத்தி எடுத்துட்டு வா. எத்தனை நாளானாலும் நான் பொறுத்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பீக்கர் போனது இவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் இவருக்கு எதற்கு ஸ்பீக்கர்? வாயால் கேட்டுப் பயனில்லை. காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன்.

"எனக்கு எதுக்குப்பா? அத்தனை பாட்டும் எனக்கு உள்ளேயே ஓடும்." பெரியவர் திரும்பி ஒருமுறை தெருவைப் பார்த்துக்கொண்டார். "பாட்டு ஓடினா, அவ சமையக்கட்டுல நின்னு கூடவே பாடுவா. நான் பாக்கறது அவளுக்குத் தெரியாது. ஒரு மாசமா அவ வாய் அசையவே இல்ல."